பெருகிவிட்ட பிராஞ்சுகள்: எதை மெர்ஜ் செய்வது, எதை வைத்துக்கொள்வது

கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் உள்ள ஒரு ரெப்போவில் (கோடும் அதன் வரலாறும் இருக்கும் இடம்) மெயின் என்ற முதன்மை பிராஞ்ச் (கோடின் தனிக் கிளை) இருக்கிறது, அடுத்த வெளியீட்டுக்கான வேலை சேரும் டெவலப் இருக்கிறது. டெஸ்ட் சர்வருக்கென்று ஸ்டேஜிங். ஒரு பெரிய வாடிக்கையாளருக்காக எப்போதோ பிரித்த தனி பிராஞ்ச் ஒன்று. பழைய ரிலீஸ் பிராஞ்சுகள் சில, யாருடையது என்றே தெரியாத ஃபீச்சர் பிராஞ்சுகள் பல. ஒரு பிழையைத் திருத்தினால் அதை எங்கெல்லாம் போட வேண்டும் என்று குழுவில் இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வருகிறது. இந்த நிலைக்கு வந்த குழு, எல்லாவற்றையும் மெர்ஜ் செய்து, அதாவது ஒன்றோடொன்று சேர்த்து, ஒன்றாக்கிவிடலாம் என்று ஒரு நாள் முடிவெடுக்கும். நல்ல முடிவுதான். ஆனால் அதற்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கடைசியில் எந்த பிராஞ்சுகள் மிஞ்ச வேண்டும்? மிஞ்சாதவற்றை எந்த வழியில் சேர்ப்பது? இரண்டையும் குழப்பிக்கொண்டு பேசுவதால்தான் இந்தக் கூட்டங்கள் நீள்கின்றன.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெயின் ஒன்று. அதற்கு மேல், பயனர்கள் கையில் இருந்து நீங்கள் இன்னும் பராமரிக்கும் ஒவ்வொரு பழைய பதிப்புக்கும் ஒன்று. நீண்டகாலம் வாழ வேண்டிய பிராஞ்சுகள் அவ்வளவுதான். மற்ற எல்லாமே சில நாளில் பிறந்து சில நாளில் முடிய வேண்டியவை.

முதலில் கணக்கெடுப்பு

கிட்டில் ஒரு பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டின் (பதிவுசெய்த ஒரு மாற்றத்தின்) அடையாளத்தைத் தாங்கும் சிறு குறிப்பு மட்டுமே. கமிட்களுக்கு ஷா-1 என்ற முறையில் அடையாளம் தரும் வழக்கமான ரெப்போவில் அது 40 எழுத்தும் ஒரு வரிமுடிவும் கொண்ட 41 பைட் ஃபைல். உருவாக்க எந்தச் செலவும் இல்லை என்பதால்தான் இவ்வளவு பெருகுகின்றன. அதே வேலைக்கான பழைய கருவியான சப்வெர்ஷனில் மெர்ஜ்களைத் தானே கணக்கு வைக்கும் வசதி 2008-ல் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்ந்தது. அதுவரை எந்த ரிவிஷன் வரை மெர்ஜ் ஆனது என்பதை ஆட்களே குறித்துவைக்க வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் பிராஞ்ச் பிரிக்காமல் இருந்தார்கள். கிட் அந்தப் பயத்தைப் போக்கிவிட்டது. ஆனால் பிரிந்ததைப் பராமரிக்கும் சுமை அப்படியே இருக்கிறது.

எந்த பிராஞ்ச் ஏற்கெனவே மெயினுக்குள் வந்துவிட்டது என்று பார்க்க ‘கிட் பிராஞ்ச் --மெர்ஜ்ட்’ போதும் என்று நினைப்போம். அது பாதி உண்மை. அந்தக் கட்டளை, பிராஞ்சின் கடைசிக் கமிட் மெயினின் வரலாற்றில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஸ்குவாஷ் செய்தோ (பல கமிட்களை ஒன்றாக்கி) ரீபேஸ் செய்தோ (கமிட்களை மெயினின் நுனியில் மீண்டும் போட்டு) சேர்த்த பிராஞ்சுகள் அதில் வராது. கமிட்கள் ஒவ்வொன்றாக ரீபேஸ் ஆகியிருந்தால் ‘கிட் செர்ரி’ கண்டுபிடித்துவிடும், ஏனென்றால் அது மாற்றத்தின் உள்ளடக்கத்தையே ஒப்பிடுகிறது. பல கமிட்களை ஒன்றாக நசுக்கிய ஸ்குவாஷுக்கு அதுவும் உதவாது. அங்கே புல் ரிக்வெஸ்ட் (பிராஞ்சைச் சேர்க்கச் சொல்லி வைக்கும் கோரிக்கை) மூடப்பட்ட விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அழிப்பதற்கு முன் ஒரு டேக் (கமிட்டுக்கு வைக்கும் நிலையான பெயர்) போட்டுவிடுங்கள். ‘ஆர்க்கைவ்’ என்ற முன்னொட்டோடு பிராஞ்சின் பெயரிலேயே டேக் வைத்தால் போதும், கமிட்கள் எங்கும் போகாது. பிராஞ்சுகள் நகர்ந்ததைக் குறித்துவைக்கும் ரெஃப்லாக் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது உங்கள் சொந்த மெஷினில் நடந்ததை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். இயல்புநிலையில் 90 நாள்தான், எந்த பிராஞ்சிலும் சேராமல் தனித்துப்போன கமிட்களுக்கு 30 நாள்தான். குழுவின் பாதுகாப்பை அதை நம்பி வைக்க முடியாது.

சேர்க்கும் மூன்று வழிகள்

மெர்ஜ் கமிட், ஸ்குவாஷ், ரீபேஸ். பெரும்பாலான குழுக்கள் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றுக்கும் அதையே விதியாக்குகின்றன. பிராஞ்சின் வயதைப் பார்த்து வழியை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒரே ஆள் சில நாள் வேலைசெய்த ஃபீச்சர் பிராஞ்சில், "டைப்போ திருத்தம்", "மறுபடி முயற்சி" மாதிரியான கமிட்கள் கிடக்கும். அவற்றின் வரலாறு யாருக்கும் தேவையில்லை. ஸ்குவாஷ் செய்தால் மெயினில் ஒரு வேலைக்கு ஒரு கமிட் என்று அழகாக நிற்கும். திரும்பப் பெற வேண்டுமானால் ஒரே ரிவர்ட். பிழை எங்கே புகுந்தது என்று பைசெக்ட் செய்யும்போதும், பாதியில் உடைந்த கமிட்கள் குறுக்கே வராது. சின்ன பிராஞ்சுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கமிட்களைக் கவனமாகப் பிரித்து எழுதும் பழக்கமுள்ள குழுவானால் ரீபேஸும் நல்லதே. ஒவ்வொரு படியும் தனியாகப் படிக்கக் கிடைக்கும். அந்த ஒழுக்கம் இல்லாத இடத்தில் ரீபேஸ் செய்தால் குப்பைக் கமிட்கள் நேர்க்கோட்டில் வரிசையாக நிற்கும், அவ்வளவே.

நீண்டகால பிராஞ்ச் என்று வந்தால் ஸ்குவாஷ் ஆபத்து. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையக் குழுக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். டெவலப்பை மெயினுக்குள் ஸ்குவாஷ் செய்தால் மெயினில் ஒரு புதிய கமிட் உருவாகிறது. அதற்கு ஒரே ஒரு பெற்றோர், மெயினின் முந்தைய கமிட். டெவலப்போடு எந்த உறவும் பதிவாவதில்லை. அடுத்த முறை டெவலப்பை மெர்ஜ் செய்யும்போது, இரண்டும் கடைசியாக ஒன்றாக இருந்த இடத்தை, அதாவது மெர்ஜ்-பேஸை, கிட் தேடும். அது பழைய இடத்திலேயே நிற்கிறது. அங்கிருந்து பார்த்தால் அதே வரிகளை இரண்டு பக்கமும் மாற்றியிருக்கின்றன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாற்றியிருந்தால் கிட் பேசாமல் விட்டுவிடும். ஆனால் டெவலப்பில் அந்த வரிகள் அதற்குப் பிறகு மறுபடி மாறியிருந்தால் கான்ஃபிளிக்ட், எதை எடுப்பது என்று ஆள்தான் முடிவுசெய்ய வேண்டும். போன மாதம் தீர்த்த அதே சிக்கல் இந்த மாதமும் வரும், அடுத்த மாதம் இன்னும் பெரிதாக வரும். குழுவில் "டெவலப்பை மெர்ஜ் செய்தாலே தகராறு" என்று பேச்சு கிளம்பும். கோடில் எந்தக் கோளாறும் இல்லை. சேர்த்த வழிதான் தவறு.

நீண்டகால பிராஞ்சை ரீபேஸ் செய்வது வேறு வகைத் துன்பம். ரீபேஸ் ஒவ்வொரு கமிட்டாக எடுத்து மீண்டும் போடுகிறது. ஒரே இடத்தைத் தொட்ட இருபது கமிட் இருந்தால் இருபது தடவை கான்ஃபிளிக்ட் வரலாம். ‘ரெரெரெ’ என்ற வசதியை இயக்கி வைத்தால் ஒருமுறை தீர்த்த விதத்தை கிட் நினைவில் வைத்து அடுத்த முறை தானே போடும். மெர்ஜை ஒத்திகை பார்ப்பவர்கள் அதைக் கட்டாயம் இயக்கி வைக்க வேண்டும். ஆனாலும் ரீபேஸில் எல்லாக் கமிட்களின் அடையாளமும் மாறிவிடுகிறது. அந்த பிராஞ்சிலிருந்து வேறு யாராவது பிரித்திருந்தால் அவர்கள் அந்தரத்தில் நிற்பார்கள். பலர் பயன்படுத்தும் பிராஞ்சை ரீபேஸ் செய்யக்கூடாது என்பதில் எனக்கு விதிவிலக்கே இல்லை. சொந்த பிராஞ்சில் செய்யும்போதும் வெறும் ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மீறி எழுதும் புஷ்) வேண்டாம். ‘ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ போட்டால், இடையில் வேறொருவர் ஏதாவது புஷ் செய்திருந்தால் கிட் தடுத்துவிடும்.

ஆக, வயதான பிராஞ்சுக்கு மெர்ஜ் கமிட். வரலாறு சிக்கலாகத் தெரிகிறது என்பதுதான் இதன்மேல் உள்ள புகார். ‘லாக்’ கட்டளையோடு ‘--ஃபர்ஸ்ட்-பேரன்ட்’ சேர்த்துப் பாருங்கள். பக்கவாட்டு வரலாறு மறைந்து, மெயினில் என்னென்ன எப்போது வந்து சேர்ந்தன என்று மட்டும் தெரியும். 2020-ல் வந்த 2.29 பதிப்பிலிருந்து பைசெக்டும் அதே வழியில் நடக்கும். சிக்கலான வரைபடத்துக்கான மருந்து கிட்டிலேயே இருக்கும்போது, அதற்காக வரலாற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

மெர்ஜ் கமிட்டிலும் ஒரு பொறி உண்டு. மெர்ஜை ரிவர்ட் செய்தால் உள்ளடக்கம் மட்டும்தான் திரும்பிப் போகும். அந்தக் கமிட்கள் வரலாற்றில் சேர்ந்தது சேர்ந்ததுதான். பிறகு பிராஞ்சில் பிழையைத் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால் புதிய திருத்தம் மட்டும் வரும், பழைய வேலை வராது. பாதி ஃபீச்சரோடு மெயின் நிற்கும். முதலில் ரிவர்ட்டையே ரிவர்ட் செய்ய வேண்டும், அப்புறம் மெர்ஜ். இதைக் குழுவில் எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதி வையுங்கள், அவசர நேரத்தில் யாருக்கும் இது நினைவுக்கு வராது.

வெகுதூரம் விலகிப்போன இரண்டு பிராஞ்சுகள்

மெயினும் டெவலப்பும் தனித்தனிக் கமிட்களை மட்டும் எடுத்துப் போடும் செர்ரி-பிக்கை ஒன்றுக்கொன்று செய்துகொண்டே வருடக்கணக்கில் விலகியிருந்தால் என்ன செய்வது? மூன்று வழி இருக்கிறது.

ஒரே பெரிய மெர்ஜ் முதல் வழி. முடிவெடுப்பதற்கு முன் அளந்து பார்க்கலாம். 2022-ல் வந்த 2.38 பதிப்பிலிருந்து ‘மெர்ஜ்-ட்ரீ’ கட்டளை, உங்கள் ஃபைல்களைத் தொடாமலே மெர்ஜை நடத்தி, எங்கெல்லாம் கான்ஃபிளிக்ட் என்று காட்டும். ஏழெட்டு ஃபைல் என்றால் ஒரே மூச்சில் செய்துவிடலாம். நூற்றுக்கணக்கில் என்றால் வேண்டாம். அவ்வளவையும் ஒரே ஆள் தீர்க்கும்போது, கடைசி ஐம்பதைக் களைப்பில் ஏதோ ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து முடிப்பார்.

டெவலப்பின் பழைய கமிட்களிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மெர்ஜ் செய்துகொண்டே வருவது இரண்டாவது. ஒவ்வொரு படியிலும் டெஸ்ட் ஓட்டலாம், எந்தப் படியில் உடைந்தது என்று தெரியும். மெதுவான வழி, ஆனால் பெரிய ரெப்போவுக்கு இதைத்தான் நான் தேர்வேன். கான்ஃபிளிக்ட் காட்டாத மெர்ஜும் தவறாக இருக்கலாம் என்பது இதற்கு முக்கியமான காரணம். ஒரு பக்கம் ஃபங்ஷனின் பெயரை மாற்றியிருக்கிறது, மறுபக்கம் பழைய பெயரில் அதைப் புதிதாக ஓரிடத்தில் அழைத்திருக்கிறது. வரிகள் மோதவில்லை, கிட் சுத்தமாகச் சேர்த்துவிடும், பில்ட் உடையும். உடைந்தாலாவது நல்லது. பெயர் மாறாமல் ஃபங்ஷனின் நடத்தை மட்டும் மாறியிருந்தால் பில்டும் உடையாது. டெஸ்ட்தான் ஒரே காப்பு.

மூன்றாவது வழி, ஒரு பக்கம் முழுக்கப் பழையதாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். மெயினில் உள்ள ஒவ்வொரு ஹாட்ஃபிக்ஸும் (அவசரத் திருத்தம்) டெவலப்பிலும் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு, டெவலப்பில் நின்று மெயினை ‘அவர்ஸ்’ (நம்முடையது) உத்தியில் மெர்ஜ் செய்யலாம். உள்ளடக்கம் முழுக்க டெவலப்புடையதாகவே இருக்கும், மெயினின் வரலாறு மட்டும் இணைந்துகொள்ளும். அதன்பின் மெயினை டெவலப் இருக்கும் இடத்துக்கு நேராக நகர்த்தினால் கதை முடிந்தது. கட்டளையில் சிறிய ‘எஸ்’ வர வேண்டும். பெரிய ‘எக்ஸ்’ போட்டால் அது வேறு விஷயம், கான்ஃபிளிக்ட் ஆன இடங்களில் மட்டும் நம் பக்கத்தை எடுத்துவிட்டு மற்ற மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளும். இந்த வழியில் ஒரு விலையும் உண்டு: இனி மெயினின் முதல் பெற்றோர் வரிசை டெவலப்பின் வரலாறாக மாறிவிடும். ரிலீஸ்களுக்கு டேக் இருந்தால் பெரிய இழப்பில்லை. டேக் இல்லாத ரெப்போவில், முதலில் பழைய ரிலீஸ்களுக்கெல்லாம் டேக் போட்டுவிட்டு இதில் இறங்குங்கள்.

வாடிக்கையாளருக்கான தனி பிராஞ்சை இந்த மூன்றில் எதிலும் அடக்க முடியாது. அங்கே வேறுபாடுகள் வேண்டுமென்றே செய்தவை. அவற்றை செட்டிங்காகவோ தனி மாட்யூலாகவோ மாற்றி மெயினுக்குள் கொண்டுவருவது கோட் எழுதும் வேலை, அதை மெர்ஜ் வேலையாக நினைத்துத் திட்டமிட்டால் நாள் கணக்கு தவறும். அந்த முயற்சிக்கு ஆள் இல்லையென்றால், அது தனி புராடக்ட் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு தனி ரெப்போவாகப் பிரித்துவிடுவது நேர்மையானது.

கடைசியில் எந்த அமைப்பு

வின்சென்ட் ட்ரீசன் 2010 ஜனவரியில் எழுதிய அமைப்புதான் கிட்-ஃப்ளோ. மெயின், டெவலப் இரண்டும் நிரந்தரம், அவற்றோடு ஃபீச்சர், ரிலீஸ், ஹாட்ஃபிக்ஸ் பிராஞ்சுகள். படம் அழகாக இருந்தது, உலகம் முழுக்கப் பரவியது. 2020 மார்ச்சில் அவரே அதில் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: தொடர்ந்து வெளியிடும் வெப் செயலிகளுக்கு இதைத் திணிக்க வேண்டாம், எளிய முறையைப் பாருங்கள், பல பதிப்புகளைத் தாங்க வேண்டிய மென்பொருளுக்கு இது இன்னும் பொருந்தலாம் என்று. எழுதியவரே எல்லையைச் சொன்ன பிறகும் பல குழுக்கள் பழக்கத்தால் அதைச் சுமக்கின்றன. ஒவ்வொரு ஹாட்ஃபிக்ஸையும் இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டும், ஒவ்வொரு ரிலீஸையும் இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டும். சர்வரில் ஒரே ஒரு பதிப்பு ஓடும் செயலிக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. டெவலப்பை எடுத்துவிடுங்கள்.

கிட்ஹப் ஃப்ளோ என்று 2011 முதல் பேசப்படும் முறையில் மெயின் ஒன்றுதான் நிரந்தரம். பிராஞ்ச் பிரி, புல் ரிக்வெஸ்ட் போடு, சேர்த்து வெளியிடு. டிரங்க் (மெயின் போன்ற ஒரே முதன்மை வரிசை) அடிப்படையிலான முறை இதையே இன்னும் இறுக்குகிறது: பிராஞ்சின் ஆயுள் ஓரிரு நாளைத் தாண்டக் கூடாது என்கிறது. மென்பொருள் குழுக்களின் செயல்திறனை ஆராயும் டோரா ஆய்வுக் குழு நல்ல குழுக்களின் அடையாளமாகச் சொல்வதும் இதுதான்: மூன்றுக்கு மேற்படாத உயிருள்ள பிராஞ்சுகள், நாளுக்கு ஒரு முறையாவது டிரங்குக்குள் மெர்ஜ். கூகுளின் மாபெரும் ஒற்றை ரெப்போவிலும் பெரும்பாலான வேலை டிரங்கில்தான் நடக்கிறது என்று அவர்கள் பொறியாளர்கள் 2016-ல் எழுதியிருக்கிறார்கள். வெளியீட்டுக்கு மட்டும் பிராஞ்ச் பிரித்து, தேவையான திருத்தங்களைச் செர்ரி-பிக் செய்கிறார்கள். அத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் டெவலப் பிராஞ்ச் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முடியாத வேலையை டிரங்கில் சேர்க்க ஃபீச்சர் ஃபிளாக், அதாவது ஒரு வசதியைத் திறக்கவோ மூடவோ உதவும் சுவிட்ச், வேண்டும். அது இலவசம் இல்லை. நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. பழைய ஃபிளாக் ஒன்றைப் புதிய வேலைக்கு மறுபடி பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் புதிய கோட் போய்ச் சேரவில்லை. அங்கே அந்த ஃபிளாக், அழிக்காமல் விட்டிருந்த பழைய கோடை உயிர்ப்பித்துவிட்டது. பிராஞ்சைக் குறைத்து ஃபிளாக்கைக் கூட்டும் குழு, ஃபிளாக்கை எடுக்கும் தேதியையும் வைக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

சர்வருக்கு ஒரு பிராஞ்ச் என்ற முறைக்கு நான் அதிக நேரம் தரமாட்டேன். ஸ்டேஜிங்கில் சோதித்த கோடும் மெயினில் போய்ச் சேர்ந்த கோடும் வேறு வேறு மெர்ஜ்களின் விளைவு, ஒன்றை நம்பி மற்றதை வெளியிடுகிறோம். ஒரே கமிட்டிலிருந்து ஒரே பில்டை எடுத்து அதையே சர்வர் சர்வராக நகர்த்துங்கள்.

பல பதிப்புகளைத் தாங்கும் மென்பொருளுக்கு மெயினோடு ரிலீஸ் பிராஞ்சுகள். இங்கே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: திருத்தத்தை முதலில் எங்கே போடுவது? இரண்டு பெரிய புராஜெக்ட்கள் எதிரெதிர் வழியில் போகின்றன. கிட் புராஜெக்ட்டின் சொந்த வழிகாட்டி, திருத்தம் தேவைப்படும் மிகப் பழைய பிராஞ்சில் அதைப் போட்டு, அங்கிருந்து மேல்நோக்கி மெர்ஜ் செய்யச் சொல்கிறது. லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் வரிசை இதற்கு மாறு: திருத்தம் முதலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மரத்தில் (முதன்மை ரெப்போவில்) இருக்க வேண்டும், பிறகுதான் பழைய பதிப்புக்குப் போகும்.

மேல்நோக்கி மெர்ஜ் செய்தால் எல்லா இடத்திலும் அதே கமிட், அதே அடையாளம். இந்தத் திருத்தம் எந்த ரிலீஸ்களில் இருக்கிறது என்று கிட்டையே கேட்கலாம். யாராவது மேலே சேர்க்க மறந்தாலும் அடுத்த மெர்ஜில் தானே வந்துவிடும். செர்ரி-பிக்கில் அடையாளம் மாறிவிடும். சிறிய ‘எக்ஸ்’ ஆப்ஷன் போட்டால்தான் மூலக் கமிட்டின் எண் செய்தியில் பதிவாகும். ஆனால் மறதியின் விளைவைப் பாருங்கள்: மெயினில் முதலில் போட்டவர் பழைய பதிப்பை மறந்தால் அந்தப் பதிப்பு மட்டுமே பாதிக்கப்படும். பழையதில் போட்டுவிட்டு, அடுத்த ரிலீஸுக்கு முன் மெயினுக்கு எடுத்துவரும் மெர்ஜையே மறந்தால், தீர்ந்த பிழை அடுத்த பதிப்பில் மறுபடி முளைக்கும். பதிப்புகள் விலக விலக மேல்நோக்கிய மெர்ஜ் கடினமாகும் என்பதும் உண்மை. அடுத்தடுத்த இரண்டு பதிப்புகளை மட்டும் தாங்குபவர்களுக்கு மேல்நோக்கி மெர்ஜ். நான்கைந்து வருடப் பழைய பதிப்பைத் தாங்குபவர்களுக்கு மெயினில் முதலில் போட்டுச் செர்ரி-பிக். இரண்டையும் கலந்து செய்வதுதான் எல்லாவற்றிலும் மோசம், எது எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாற்றும் நாள்

ஒரு ரிலீஸ் முடிந்த மறுநாள் நல்ல நேரம், அப்போதுதான் மெயினும் டெவலப்பும் மிக நெருக்கமாக இருக்கும். திறந்திருக்கும் புல் ரிக்வெஸ்ட்களின் இலக்கை டெவலப்பிலிருந்து மெயினுக்கு மாற்றுவதை பிராஞ்சை அழிப்பதற்கு முன்பே செய்யுங்கள். பில்ட் ஸ்கிரிப்ட்களிலும் டிப்ளாய் அமைப்புகளிலும் டெவலப் என்ற பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது என்று தேடி மாற்றுங்கள். இரவில் தானாக ஓடும் வேலைகள் அடிக்கடி விட்டுப்போகும். மெயினுக்கு நேரடி புஷ் கூடாது என்ற பாதுகாப்பையும் அன்றே போட்டுவிடலாம்.

அழித்த பிறகு எல்லோரும் ‘ஃபெட்ச் --ப்ரூன்’ ஓட்டி, தங்களிடம் உள்ள பழைய பிரதியையும் நீக்க வேண்டும். விடுப்பிலிருந்து திரும்பும் ஒருவர் தன் மெஷினில் இருக்கும் டெவலப்பைப் புஷ் செய்தால் சர்வரில் அது மறுபடி உருவாகிவிடும், இரண்டு பேர் அதில் வேலையும் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பெயரில் பிராஞ்ச் உருவாக்கவே சர்வர் மறுக்கும்படி ஒரு விதி போட்டுவையுங்கள்.